பாலிங்கும் பாலஸ்தீனமும்: அமைதிக்கு அயலார் ஆற்றும் பணி

பாலஸ்தீனப் பூசலை அயல்நாட்டு வல்லரசுகள் தீர்த்துவைக்க இயலுமா என்னும் வினா நெடுநாளாக எழுந்துவருகின்றது. இதற்கு விடை தேடுவார் மலாயாவின் வரலாற்றையும் ஒருமுறை நோக்குதல் நலம்.

1948 மே திங்களில் பிரித்தானியர் பாலஸ்தீனத்தை விட்டகன்றனர். அடுத்த திங்கள் 16-ஆம் நாள், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. பாலஸ்தீனத்தில் தலைமைச் செயலாளராயிருந்த ஹென்றி கர்னி இங்கு உயர் ஆணையரானார்; அங்குக் காவல்துறைத் தலைவராயிருந்த நிக்கல் கிரே இங்கும் அப்பொறுப்பையே ஏற்றார். ஆண்டவர் ஒருவரே, எனினும் இரு நாட்டின் கதைகளும் வெவ்வேறு வழியிற் சென்றன.

1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தால் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக் கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். காம்பாரை அடுத்த மம்பாங் டி அவான் அவற்றுள் ஒன்று. தோட்டத் தொழிலாளரும் முள்வேலியையும் உணவுக் கட்டுப்பாட்டையும் கண்டனர்.

1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் கெடாவின் பாலிங் நகரில் துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஆகியோர் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கைச் சந்தித்தனர். கட்சிக்குச் சட்ட ஏற்பு வேண்டுமென்றார் சின் பெங். சரணடைய வேண்டுமென்றார் துங்கு. பேச்சு முறிந்தது. எனினும், 1957-இல் விடுதலை வந்தபின், அயலாட்சிக்கு எதிரான போர் என்னும் காரணம் வலுவிழந்தது. 1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிவுற்றது.

1968-இல் மீண்டும் துப்பாக்கி முழங்கிற்று. அக்கட்சியின் வானொலி சீனத்திலிருந்து ஒலித்தது. 1974-இல் மலேசியாவும் சீனமும் தூதுறவு கொண்டன. 1981-இல் அவ்வானொலி நின்றது. இறுதியில் தாய்லாந்து இடையில் நின்று உதவ, 1989 டிசம்பர் 2-இல் ஹாட்யாய் நகரில் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. பாலிங்கில் பேச்சை முறித்த 'சரணடைதல்' என்னும் சொல் அதில் இடம்பெறவில்லை.

ஆக, அயலார் இங்குச் செய்தவை மூன்று: ஆண்டவர் அகன்றனர், ஆதரித்தவர் கைவிட்டனர், அண்டை நாட்டார் இடந்தந்தனர். உடன்பாட்டைச் செய்தவர் இரு தரப்பினரே.

இம்முறையை அப்படியே பாலஸ்தீனத்திற்குப் பொருத்துதல் தகாது. மலாயாவில் ஆண்டவர்க்குக் கப்பலேறித் திரும்பத் தாயகம் இருந்தது. அங்கோ இரு மக்களும் ஒரே மண்ணைத் தாயகம் என்கின்றனர். எவரும் அகல்வதால் பூசல் தீராது. 1993-இல் நார்வே இடந்தந்து, அமெரிக்கா சான்றாக நின்ற உடன்பாட்டில், இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் ஒன்றையொன்று ஏற்றன. ஆயினும் எல்லை, எருசலேம், அகதிகள், குடியேற்றங்கள் ஆகியவை பின்னைக்கு ஒத்திவைக்கப்பட்டன. 2000-இல் கேம்ப் டேவிட்டில் நடந்த பேச்சும் அவற்றைத் தீர்க்கவில்லை. இடந்தருவோர் இருந்தனர், இரு தரப்புக்கும் பின்னின்ற ஆதரவோ ஓயவில்லை.

கையொப்பத்தோடும் அமைதி நிறைவுறுவதில்லை. சித்தியவானிற் பிறந்த சின் பெங் தாயகம் திரும்ப விழைந்தார். அனுமதி கிட்டாமலே 2013-இல் பாங்காக்கில் மறைந்தார். போரில் உறவினரை இழந்தோரின் துயரமும் அவர் வருகைக்குத் தடையாய் நின்றது. மனக்காயம் ஆறுவதற்கு வேண்டிய காலத்தை எவ்வல்லரசும் குறைத்துத் தருதல் இயலாது. புதிய காயங்கள் நேராமல் தடுப்பதே அவர்தம் முதற் கடமையாகும்.