வேலியிலே சிவப்பு மணி!
காவிரிக் கரையில் இருக்கிறது ஜேடர்பாளையம். இந்தப் பக்கத்து வேலிகளிலும் மேடுகளிலும் அவரை இனத்துக் காட்டுச் செடிகள் பல உண்டு. எல்லாம் நல்லவை அல்ல!

புளிய இலை போன்ற இலை, குட்டையான காய், அது வெடித்தால் கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு விதை. அதுதான் குன்றிமணி. அந்த நாளில் பொற்கொல்லர் தங்கம் நிறுத்த மணி. மென்று தின்றால் உயிருக்கே ஆபத்து! குழந்தை வாயில் போட்டுவிட்டால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஒரு காம்பில் மூன்று இலை. வளைந்த காயின் மேல் பழுப்புச் சுணை. இது பூனைக்காலி. தொட்டால் அரிப்புத் தாங்காது.

கொழிஞ்சியோ உழவரின் நண்பன். காய் தட்டையானது. இலை நுனியைப் பிடித்து இழுத்தால் அம்பு முனை போலக் கிழியும். வயலுக்கு நல்ல தழை உரம்.

பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்டிச் சொல்லிவையுங்கள்!