வீட்டு நாய், பூனைகளின் குறும்புப் பழக்கங்கள்

வீட்டில் வளரும் நாயும் பூனையும் நாள்தோறும் செய்யும் சில செயல்கள் வீட்டை அலங்கோலமாக்குகின்றன. வீட்டாரைச் சிரிக்க வைப்பவையும் பெரும்பாலும் அதே செயல்களே. தண்ணீரைச் சிதறடித்துக் குடித்தல், சோபாவைக் கீறுதல், செடித்தொட்டியைத் தோண்டுதல், செருப்பைக் கடித்துக் குதறுதல், செத்த எலியை வரவேற்பறையில் கொண்டுவந்து போடுதல் ஆகியவை இத்தகைய பழக்கங்களுக்கு எடுத்துக்காட்டுகள். இவற்றைச் சேட்டை, அடம், பழிவாங்கல் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இவற்றுள் பெரும்பாலானவை அவ்விலங்குகளின் காட்டு மூதாதையரிடமிருந்து வந்த இயல்புகள் ஆகும். இதை அறியாததால் விலங்குகள் அடிபடுகின்றன. சில தெருவில் விடப்படுகின்றன. சில வேளைகளில் நோயின் அறிகுறி குறும்பாகக் கருதப்பட்டு, சிகிச்சைக்கான நேரம் கடந்துவிடுகிறது.

பின்னணி

நாய், ஓநாயின் வழித்தோன்றல் ஆகும். அது குறைந்தது 14,000 ஆண்டுகளாக மனிதருடன் வாழ்ந்து வருகிறது. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை ஆகும். மேற்காசியாவில் வேளாண்மை தொடங்கியபோது, சேமித்த தானியத்தைத் தேடி எலிகள் வந்தன. எலிகளைத் தேடிப் பூனைகள் வந்தன. சைப்பிரசு தீவில் சுமார் 9,500 ஆண்டுகள் பழமையான ஒரு மனிதப் புதைகுழிக்கு மிக அருகில் பூனை ஒன்று புதைக்கப்பட்டிருந்தது 2004 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

ஓநாய் கூட்டமாக வாழும் விலங்கு. காட்டுப்பூனை தனியே வேட்டையாடும் விலங்கு. ஒரே வீட்டில் வளர்ந்தாலும் நாயும் பூனையும் வெவ்வேறு விதமாகக் குறும்பு செய்வதற்கு இவ்வேறுபாடே முதன்மையான காரணம் ஆகும்.

தண்ணீரும் தரையும்

நாய் தண்ணீர் குடித்து முடித்ததும் கிண்ணத்தைச் சுற்றித் தரை நனைந்திருக்கும். பூனை குடித்த இடமோ பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். இவ்விரு விலங்குகளாலும் மனிதரைப் போலக் கன்னத்தைக் குவித்து நீரை உறிஞ்ச இயலாது. நாக்கையே பயன்படுத்த வேண்டும்.

பூனை தன் நாக்கின் நுனியால் நீர்ப்பரப்பை மெல்லத் தொட்டு, சட்டென்று மேலே இழுக்கிறது. நாக்கோடு ஒட்டி ஒரு மெல்லிய நீர்த்தூண் எழுகிறது. அது கீழே விழுவதற்குள் பூனை வாயை மூடிக்கொள்கிறது. ஒரு நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை இவ்வாறு நிகழ்வதை 2010 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று அதிவேக ஒளிப்பதிவின் மூலம் காட்டியது. நாயும் நீர்த்தூணையே கடித்துக் குடிக்கிறது. ஆனால் அது நாக்கைப் பின்புறமாக மடித்து வேகமாக நீருக்குள் அடிக்கிறது. அதனால் எழும் தூண் பெரியது, சிதறலும் பெரியது.

நனைந்த நாய் உடலைச் சிலிர்த்து உதறுவதும் வீணான செயல் அன்று. மயிரில் தேங்கிய நீரில் சுமார் 70 விழுக்காட்டைச் சில நொடிகளில் இவ்வாறு அகற்ற முடியும். ஈரம் உடல் வெப்பத்தைக் குறைத்துவிடும் என்பதால், காட்டில் இது உயிர் காக்கும் பழக்கம் ஆகும்.

நக்குதலும் மயிர்ப்பந்தும்

பூனையின் நாக்கு அரம் போலச் சொரசொரப்பாக இருக்கும். அதன்மேல் பின்னோக்கி வளைந்த நுண்ணிய முட்கள் உள்ளன. இம்முட்களின் நுனியில் உள்ள சிறு குழிவு உமிழ்நீரை ஏந்தி, அடர்ந்த மயிரின் அடிவரை கொண்டுசெல்வது 2018 ஆம் ஆண்டு ஆய்வில் விளக்கப்பட்டது. முட்கள் பின்னோக்கி இருப்பதால் நாக்கில் சிக்கிய மயிரைத் துப்ப இயலாமல் பூனை விழுங்கிவிடுகிறது. அதில் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறும். எஞ்சியது வயிற்றில் திரண்டு, எப்போதாவது வாந்தியாக வெளிவரும். இது மயிர்ப்பந்து எனப்பட்டாலும் பெரும்பாலும் குழல் வடிவில்தான் இருக்கும்.

கீறுதலும் பிசைதலும்

பூனை சோபாவைக் கீறும்போது நகத்தின் தேய்ந்த மேலுறை கழன்று புதிய கூர்மை வெளிப்படுகிறது. முதுகும் தோளும் நீட்டி நெளிக்கப்படுகின்றன. பாதத்தில் உள்ள சுரப்பிகளின் மணம் அவ்விடத்தில் பதிகிறது. இவ்வியல்பைத் தடுக்க இயலாது. இடத்தை மட்டுமே மாற்ற இயலும். பூனை முழுவதுமாக நீண்டு நிற்கும் உயரத்தில், அசையாத ஒரு கட்டையில் கயிறு சுற்றி, அது கீறும் இடத்துக்கு அருகிலேயே வைப்பது நல்ல தீர்வு ஆகும்.

மடியில் அமர்ந்து முன்கால்களால் மாறி மாறி அமுக்குவது பால்குடிக் காலத்தில் தொடங்கும் பழக்கம். பால் சுரப்பதற்காகக் குட்டி தாயின் மடியை இவ்வாறு பிசையும். வளர்ந்த பூனை நிம்மதியாக உணரும்போது அதையே செய்கிறது. நகம் குத்துகிறது என்பதற்காக அதனைக் கீழே தள்ளாமல், மடியில் ஒரு தடித்த துணியை விரித்துக்கொள்ளலாம்.

தோண்டுதலும் கடித்தலும்

வெயில் காலத்தில் நாய் மண்ணைத் தோண்டிப் படுப்பது குளிர்ச்சிக்காக ஆகும். எலும்பைப் புதைப்பது, மிஞ்சிய உணவை மறைத்துச் சேமிக்கும் பழைய வழக்கத்தின் எச்சம். குட்டி நாய்க்கு 28 பால்பற்கள் உள்ளன. சுமார் நான்கு முதல் ஏழு மாத வயதில் அவை விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. அப்போது ஈறு உறுத்துவதால் செருப்பு, மேசைக்கால், மின்கம்பி என எதையும் கடிக்கும். கடிப்பதற்கென்று உறுதியான பொம்மைகளைக் கொடுப்பதும், மின்கம்பிகளை எட்டாத இடத்தில் வைப்பதும் இக்காலத்தில் அவசியம்.

செடியில் புரளும் பூனை

குப்பைமேனிச் செடிக்குத் தமிழில் பூனைவணங்கி என்ற பெயரும் உண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் முகர்ந்து, தேய்த்து, புரள்வதால் இப்பெயர் அமைந்தது. வேறு சில செடிகளிடமும் பூனைகள் இவ்வாறே நடந்துகொள்கின்றன. சப்பானில் பூனைகள் விரும்பும் ஒரு கொடியின் இலையில் முகத்தைத் தேய்ப்பதால் அவற்றைக் கொசுக்கள் அண்டுவது குறைகிறது என 2021 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வெறும் மயக்கமாகத் தோன்றும் செயலுக்கும் பயன் இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

குற்ற உணர்வு முகம்

கிழிந்த தலையணைக்கு அருகில் தலையைத் தாழ்த்தி நிற்கும் நாய், தன் தவற்றை உணர்ந்துவிட்டதாகப் பலர் நம்புகின்றனர். விலங்கு நடத்தை ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று சொல்லப்பட்ட உணவை நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகபாவத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. உரிமையாளர் திட்டியபோதே அது மிகுதியாக வெளிப்பட்டது. எதையும் தின்னாத நாய்களும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டின.

எனவே அம்முகம் குற்ற உணர்வைக் காட்டுவதாகக் கொள்ள முடியாது. அது எதிரில் நிற்பவரின் கோபத்துக்கான மறுமொழி ஆகும். செயல் நடந்து நெடுநேரம் கழித்து அடிப்பதாலோ, சிறுநீரில் மூக்கைத் தேய்ப்பதாலோ நாய் எதையும் கற்றுக்கொள்வதில்லை. வீட்டுக்கு வருபவரைக் கண்டு அஞ்சுவதற்கு மட்டுமே பழகுகிறது. சரியான இடத்தில் சிறுநீர் கழித்த உடனே பாராட்டித் தின்பண்டம் தருவதே பயன் தரும்.

குறும்பா, நோயா?

பழக்கத்தில் திடீரென ஏற்படும் மாற்றமே முதல் எச்சரிக்கை ஆகும். பின்வருவனவற்றைச் சேட்டை எனத் தள்ளிவிடக் கூடாது:

• மணல் தட்டைப் பயன்படுத்தி வந்த பூனை மெத்தையிலோ தரையிலோ சிறுநீர் கழித்தல். இது கோபத்தால் செய்வது அன்று. சிறுநீர்ப்பை அழற்சி அல்லது மன அழுத்தம் காரணமாக இருக்கலாம்.
• ஆண் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராதிருத்தல். சிறுநீர்ப்பாதை அடைபட்டிருந்தால் ஓரிரு நாளில் உயிர் போகலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.
• நாய் வழக்கத்தைவிட மிகுதியாக நீர் குடித்து, வீட்டுக்குள் சிறுநீர் கழித்தல். நீரிழிவு, சிறுநீரக நோய், கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் ஆகியவை காரணமாக இருக்கலாம்.
• பூனை எதுவும் வெளிவராமல் மீண்டும் மீண்டும் குமட்டுதல் அல்லது ஓரிடத்தை வழுக்கையாகும்வரை நக்குதல்.
• பூனையின் வாயிலோ மலவாயிலோ நூல் தொங்குதல். அதை இழுத்தால் குடல் அறுபடக்கூடும். மருத்துவரே அகற்ற வேண்டும்.

திருடித் தின்னும் பழக்கமும் ஆபத்தாக முடியலாம். சாக்லேட், வெங்காயம், பூண்டு ஆகியவை இரு விலங்குகளுக்கும் நஞ்சு. பாயசத்தில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

வீட்டில் செய்யக்கூடியவை

பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மணல் தட்டு கூடுதலாக வைத்து, நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். சிறுநீர் பட்ட இடத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது. அந்த வாடை சிறுநீரின் வாடையை ஒத்திருப்பதால் விலங்கு மீண்டும் அங்கேயே போகும். நாய்க்கு நாள்தோறும் நடையும் விளையாட்டும் இருந்தால் பொருள்களைக் குதறுவது குறையும்.

செல்லமாக விளையாடும்போது பல்லோ நகமோ பட்டாலும் காயத்தைச் சோப்பு இட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விலங்குகளுக்கு உரிய காலத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் கட்டாயம். இவை முறையாக நடக்கும் வீட்டில், நனைந்த தரையும் கீறிய சோபாவும் பிறகு சொல்லிச் சிரிக்கும் கதைகளாகவே நின்றுவிடும்.