டிராக்டருக்குச் சிக்கனக் கொட்டகை: கூரையை விட அடித்தளமே முக்கியம்

கிள்ளான்: காப்பார், பந்திங், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் செம்பனையோ காய்கறியோ பயிரிடும் நம் சிறுதோட்டக்காரர்களுக்கு டிராக்டர் என்பது பல ஆண்டுச் சேமிப்பு. குலை ஏற்றும் நாளில் அது நின்றுபோனால் அன்றைய வருமானமும் நின்றுபோகும். அப்படிப்பட்ட வண்டியை மரத்தடியில் நிறுத்திக் கான்வாஸ் போர்த்திவிட்டு வருவது பெரிய இழப்பில் முடியலாம்.

இங்கு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. புகைக்குழாய் வழியாக நீர் இறங்கினால் இயந்திரம் கெடும். வெயில் டயரையும் ஹைட்ராலிக் ரப்பர் குழாய்களையும் வெடிக்க வைக்கும். கான்வாசை இறுகப் போர்த்தினாலும் மண்ணிலிருந்து எழும் ஈரம் உள்ளேயே தங்கித் துருவைக் கூட்டும். ஆகவே, காற்றோட்டமுள்ள ஒரு கூரையே சிறந்தது.

எவ்வளவு இடம் வேண்டும்?

பின்னால் பூட்டும் கருவியையும் சேர்த்து வண்டியின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சிவரை உயரத்தையும் அளக்க வேண்டும். சுற்றிலும் ஆள் நடந்து வேலை பார்க்க மூன்று அடி விடுங்கள். சிறிய டிராக்டர் ஒன்றுக்குப் பொதுவாக 12 அடி அகலம், 20 அடி நீளம் போதும். கூரையின் ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் எட்டரை அடி உயரம் இருந்தால் மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும்.

முதலில் தரை

கிள்ளான் கரையோரத்தில் பல இடங்களில் இருப்பது மென்மையான கடற்களிமண். மழையில் டயர் புதையும், கம்பமும் சாயும். எனவே, மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, கிரஷர் ரன் எனப்படும் சல்லிக் கலவையை அரை அடி உயரத்துக்குக் கொட்டி இறுக்குங்கள். சுற்றிலும் சிறு வடிகால் வெட்டுங்கள். முழுத் தரைக்கும் கான்கிரீட் போடத் தேவையில்லை.

காற்றை மறக்காதீர்கள்

சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து அதிகாலையில் வீசும் சூறைக்காற்றை இங்குள்ளவர்கள் அறிவார்கள். திறந்த கொட்டகைக்குள் புகும் காற்று, கூரையைக் கீழிருந்து மேலே தூக்கும். குடை பறப்பதைப் போலத்தான். அதைப் பிடித்து வைப்பது கம்பத்தின் அடியிலுள்ள கான்கிரீட்டின் எடையே.

பக்கத்துக்கு மூன்றாக ஆறு கம்பங்கள் நடுங்கள். மூன்று அங்குல இரும்புக் குழாய் நல்லது. ஒவ்வொன்றையும் மூன்று அடி ஆழம் இறக்கிக் கான்கிரீட் இடுங்கள். மண் மிகவும் இளகியிருந்தால் குழியை இன்னும் ஆழமாகவும் அகலமாகவும் வெட்ட வேண்டும். கம்பங்களுக்கிடையே சாய்வாகவும் குழாய் வைத்து இணைத்தால் சட்டம் ஆடாது. தகரத்தை ரப்பர் வாஷர் உள்ள திருகாணியால் முடுக்குங்கள். ஓரங்களில் திருகாணிகள் நெருக்கமாக இருக்கட்டும். காற்று முதலில் பிய்ப்பது ஓரத்தைத்தான்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்?

சுவர் தேவையில்லை. துரு அரிக்காத பழைய குழாய்களையும் பழைய தகரத்தையும் பழைய இரும்புக் கடையில் பார்த்து வாங்கலாம். ஆனால் கான்கிரீட்டிலும் சாய்வுக் குழாயிலும் திருகாணியிலும் கை வைக்காதீர்கள். இடித்த வீடுகளிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் பழைய அஸ்பெஸ்டாஸ் தகடுகளைத் தொடவே வேண்டாம். வெட்டும்போதும் உடையும்போதும் பறக்கும் அதன் தூசு நுரையீரலைப் பாதிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும்.

இந்த அளவுக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,100 லிட்டர் நீர் வழியும். அது கம்பத்தடியில் விழுந்தால் மண் இளகும். எட்டரை அடிப் பக்கத்தில் பீலி பொருத்தித் தொட்டியில் பிடித்தால் செடிக்கு ஊற்றலாம், வண்டி கழுவலாம். தொட்டியை மூடி வையுங்கள். இல்லையேல் ஏடிஸ் கொசு குடியேறும்.

அனுமதி இல்லாமல் கட்டாதீர்கள்

"நாலு கம்பம், ஒரு தகரம், இதற்கெல்லாமா அனுமதி?" என்று கேட்கலாம். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி கொட்டகையும் கட்டடம்தான். அதன் 70ஆவது பிரிவு, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இன்றிக் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது. நிலம் வாடகை நிலமா, டி.ஓ.எல். நிலமா, மின்கம்பிப் பாதையின் கீழ் உள்ளதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். அரசு நிலத்தில் உரிமமின்றி எழுப்பியதை அகற்றச் சொன்னால், போட்ட பணம் திரும்பி வராது.

ஆகவே, தகரம் வாங்கப் போவதற்கு முன் நில ஆவணத்தையும் ஓர் எளிய வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அதற்குப் பின் குழி வெட்டலாம்.