உயர் மின்னூட்ட அயனிகளின் மீள்சேர்க்கை: அளவிடும் முறை குறித்த ஒரு விளக்கம்

முன்னுரை

1869ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது, சூரியனைச் சூழ்ந்துள்ள ஒளிவட்டத்தில் ஒரு பச்சைக் கோடு காணப்பெற்றது. அன்று அறியப்பட்டிருந்த தனிமம் எதனோடும் அது பொருந்தவில்லை. ஆதலால் 'கொரோனியம்' என்னும் புதிய தனிமம் ஒன்று அங்கிருப்பதாகக் கருதினர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே, சுவீடன் நாட்டு அறிஞர் எட்லேன் அக்கோடு இரும்புக்கு உரியது என நிறுவினார். ஆயின், அது தன் 26 எலெக்ட்ரான்களுள் 13ஐ இழந்துவிட்ட இரும்பு. இவ்வாறு பல எலெக்ட்ரான்களை இழந்து நிற்கும் அணுவையே உயர் மின்னூட்ட அயனி என்கிறோம்.

வெப்பமிக்க வாயுவில் அணுக்கள் மோதல்களால் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. கட்டின்றித் திரியும் எலெக்ட்ரான்களைப் பற்றி மீண்டும் பெறுகின்றன. இவ்விழப்பும் பேறும் சமநிலையில் நிற்குமிடத்தைக் கொண்டே தொலைவிலுள்ள பொருளின் வெப்பநிலையைக் கணிக்கின்றோம். பெறும் வீதம் தவறானால் வெப்பநிலையும் தவறாகும். அவ்வீதத்தை ஆய்வுக்கூடத்தில் அளக்கும் முறையை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

சொல்லும் பொருளும்

'மீள்சேர்க்கை' என்னும் சொல், பிரிந்த எலெக்ட்ரானே திரும்பி வந்து சேர்வதுபோன்ற மயக்கத்தைத் தரக்கூடும். வந்து சேர்வது ஏதேனும் ஓர் எலெக்ட்ரான் என்பதே பொருள். அது இரு வழிகளில் நிகழ்கின்றது. முதல் வழியில், எலெக்ட்ரான் பற்றப்படும்போதே மிகுதியான ஆற்றல் ஒளியாக வெளியேறுகின்றது. இரண்டாம் வழியில், வரும் எலெக்ட்ரான் தன் ஆற்றலை அயனியினுள் முன்பே இருக்கும் மற்றோர் எலெக்ட்ரானுக்கு ஈந்து அதனை மேல்நிலைக்கு உயர்த்திவிட்டுத் தான் உள்ளே தங்குகின்றது. இதனை 'ஈரெலெக்ட்ரான் மீள்சேர்க்கை' என்பர். இதில் வினைபுரிவன இரண்டாயினும் வந்து சேர்வது ஒன்றே. மாணவர்க்குக் கற்பிப்போர் இவ்வேறுபாட்டை வலியுறுத்துதல் நன்று. இந்நிலை நிலையற்றது. அயனி விரைந்து ஒளியை உமிழ்ந்தால் சேர்க்கை உறுதிப்படும். இல்லையேல் எலெக்ட்ரான் மீண்டும் வெளியே தள்ளப்படும்.

இரண்டாம் வழி குறிப்பிட்ட சில ஆற்றல்களில் மட்டுமே நிகழும். எனினும் அதனைச் சிறிதென ஒதுக்கல் இயலாது என்பதை 1964இல் பர்ஜெஸ் காட்டினார். சூரிய ஒளிவட்டத்தின் வெப்பநிலையை அயனிச் சமநிலை வழியாகக் கணித்தபோது, நிறக்கோடுகளின் அகலத்தால் பெற்ற மதிப்பில் ஏறத்தாழப் பாதியே கிடைத்துவந்தது. ஈரெலெக்ட்ரான் மீள்சேர்க்கையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அம்முரண்பாடு நீங்கியது.

அளவிடும் முறை

அளப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இவ்வயனிகளைப் பெறுவதற்கு மிகுவிரைவுடைய கற்றைகள் தேவை. அளக்க வேண்டிய மோதலோ மிக மென்மையானது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் கழகத்தில் 1988 முதல் 2012 வரை இயங்கிய சேமிப்பு வளையம் இதற்கு வழிகண்டது. அதன் சுற்றளவு 55 மீட்டர் அளவினது. காந்தங்களால் வளைக்கப்பட்ட அயனிகள் அதனுள் ஒளிவேகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விரைவோடு சுற்றிவந்தன. வளையத்தின் ஒரு நேர்ப்பகுதியில், அதே திசையில், அதே வேகத்தில் ஓர் எலெக்ட்ரான் கற்றை அயனிக் கற்றையோடு இணைக்கப்பட்டது. இணையாக ஓடும் இரு தொடர்வண்டிகளில் இருப்போர் ஒருவரையொருவர் அசைவற்றவராகக் காண்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இம்முறையின் நுண்மையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். அயனிகளோடு சமவேகத்தில் செல்லும் எலெக்ட்ரானின் ஆற்றல் 2500 எலெக்ட்ரான் வோல்ட் என்க. அதனை 2601 ஆக உயர்த்துவோம். சார்பாற்றல், இவ்விரு எண்களின் வர்க்கமூலங்களுடைய வேறுபாட்டின் வர்க்கமாகும். வர்க்கமூலங்கள் 50, 51, வேறுபாடு 1, எனவே சார்பாற்றல் 1 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. கருவியில் 101 வோல்ட் மாற்றினால் மோதலில் ஒன்றே மாறுகின்றது. 1 வோல்ட் மட்டும் மாற்றின், சார்பாற்றல் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடுகின்றது.

எலெக்ட்ரானைப் பற்றிய அயனியின் மின்னூட்டம் ஒன்று குறைவதால், அடுத்த காந்தத்தில் அது குறைவாக வளைந்து தன் கூட்டத்தினின்று விலகுகின்றது. விலகி வருவனவற்றை ஓர் உணர்கருவி ஏறத்தாழ ஒன்றும் தவறாமல் எண்ணுகின்றது. வளையத்தில் எஞ்சிய வாயு மூலக்கூறுகளிடமிருந்தும் அயனிகள் எலெக்ட்ரானைப் பறிக்கும் ஆதலின், மிக உயர்ந்த வெற்றிடம் இங்கு இன்றியமையாதது.

கணக்கீடும் அளவீடும்

கணினியின் ஆற்றல் பெருகிய இக்காலத்தில் அளவீடு எதற்கு எனலாம். குறைந்த வெப்பநிலையில், ஓர் ஒத்திசைவு சுழி ஆற்றலுக்குச் சற்று மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்பதே விடையைத் தீர்மானிக்கின்றது. மேலே இருப்பின் அது வீதத்தைப் பெருக்கும்; கீழே இருப்பின் அங்குப் பங்களிப்பே இல்லை. பல எலெக்ட்ரான்கள் எஞ்சியுள்ள அயனியில் ஆற்றல்நிலையை அத்துணைத் துல்லியமாகக் கணித்தல் அரிது. எனவே அளவீடு கணக்கீட்டுக்கு அணியன்று. அதற்கு அடித்தளம் என்பதே நம் கருத்து.

முன்னர்க் கண்ட அதே இரும்பு அயனி இதற்குச் சான்று. சில விண்மீன் மண்டலங்களின் ஒளிமிக்க மையங்களைச் சூழ்ந்த வாயுவை எக்ஸ்-கதிர் விண்ணோக்கிகள் ஆராய்ந்தபோது, இரும்பின் நிலை கணக்கீடுகளோடு பொருந்தவில்லை. ஹைடல்பர்க் வளையத்தில் நிகழ்ந்து 2006இல் வெளியான அளவீடு, அவ்வாயுவின் வெப்பநிலையில் மீள்சேர்க்கை வீதம் அதுவரை கையாளப்பட்ட மதிப்பினும் பல மடங்கு கூடுதல் எனக் காட்டியது.

20 எலெக்ட்ரான்களை இழந்த டங்ஸ்டனின் அளவீடு அங்கிருந்தே 2011இல் வெளிவந்தது. அதிலும் அளந்த மதிப்பே ஓங்கிநின்றது. பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் அணுப்பிணைவு உலையில் மிகுவெப்பத்தைத் தாங்கும் உறுப்புகள் டங்ஸ்டனால் ஆனவை. அவற்றினின்று கசியும் அணுக்கள் உலையின் வெப்பத்தை ஒளியாக வீணாக்கும் அளவு, இவ்வீதத்தையும் பொறுத்தது. ஹைடல்பர்க் வளையம் நின்றபின், ஸ்டாக்ஹோமிலிருந்து டார்ம்ஸ்டாட்டுக்குப் பெயர்த்து நிறுவப்பெற்ற கிரைரிங் வளையத்தில் இத்தகைய அளவீடுகள் தொடர்கின்றன.