கார் சறுக்கும்போது கை என்ன செய்ய வேண்டும்?

பிள்ளைக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதாகி, கையில் ஓட்டுநர் உரிமமும் வந்து விட்டால், கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பல வீடுகளில் ஒரு புதுக் கவலை குடியேறி விடுகிறது. சேர்த்து வைத்த காசில் பழைய நிசான் செஃபிரோ ஒன்றையோ, டொயோட்டா கேஇ70 ஒன்றையோ வாங்கி வருகிறான். "டிரிஃப்ட் பழகப் போகிறேன்" என்று இரவு பதினோரு மணிக்குக் கிளம்புகிறான். "டயரைத் தேய்த்துப் புகை கிளப்புகிற கூத்து" என்கிறார் அப்பா. "உங்களுக்கு ஒன்றும் தெரியாதுப்பா" என்கிறான் மகன். அதோடு பேச்சு நின்று போகிறது.

இந்த டிரிஃப்ட் என்பது என்ன, அதை எப்படிப் பழகுகிறார்கள், எங்கே பழகலாம், எங்கே கூடாது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே தெரிந்து கொள்வது நல்லது. காரே இல்லாதவருக்கும் இதில் பயன்படும் செய்தி உண்டு. மழைக்காலத்தில் நாம் எல்லோரும் ஏதோ ஒரு வாகனத்தில் ஏறித்தானே ஆக வேண்டும்!

டிரிஃப்ட் என்றால் என்ன?

வளைவில் கார் திரும்பும்போது பின் டயர்கள் பிடியை இழந்து வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். கார் பக்கவாட்டில் நகரும். சாதாரண ஓட்டுநருக்கு இது விபத்தின் முதல் அறிகுறி. டிரிஃப்ட் ஓட்டுநரோ இதை வேண்டுமென்றே உண்டாக்கி, வளைவு முடியும் வரை அதே சறுக்கலில் காரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டு போகிறார். சறுக்கல் தானாக வந்தால் அது ஆபத்து. நாமே வரவழைத்து, நாமே அடக்கினால் அது டிரிஃப்ட்.

இது ஜப்பானில் பிறந்த கலை. 1970-களில் குனிமிட்சு தகாஹாஷி என்ற பந்தய வீரர் வளைவுகளில் காரைச் சறுக்க விட்டு ஓட்டியதைப் பார்த்து, இளைஞர்கள் மலைப்பாதைகளில் அதைப் பழகத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கெயிச்சி சுச்சியா, பின்னாளில் 'டிரிஃப்ட் கிங்' என்று பெயர் பெற்றார். 1995-இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற ஜப்பானியப் படக்கதையும், 2006-இல் வந்த 'டோக்கியோ டிரிஃப்ட்' ஹாலிவுட் படமும் இந்தக் கலையை உலகமெங்கும் கொண்டு போய்ச் சேர்த்தன.

ஆனால், படத்தில் காட்டாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மலைப்பாதையில் தொடங்கிய இந்த விளையாட்டு, 2000-களின் தொடக்கத்தில் டி1 கிராண்ட் பிரீ என்ற முறையான போட்டியாகி மூடிய பந்தயத் தடத்துக்குள் வந்து விட்டது. அங்கே யார் முதலில் வருகிறார் என்று பார்ப்பதில்லை. கார் போகும் பாதை, சறுக்கும் கோணம், வேகம், பாணி ஆகியவற்றுக்கு நடுவர்கள் புள்ளி தருகிறார்கள்.

நம் நாட்டிலும் இதற்குப் பெயர் பெற்றவர்கள் இருக்கிறார்கள். டிரிஃப்ட் என்றதும் பலருக்கு நினைவு வரும் தெங்கு ஜான் லே, சர்க்யூட் பந்தயங்களிலும் ஓட்டியவர். ரேலியில் 2002-ஆம் ஆண்டு உற்பத்திக் கார்களுக்கான உலக வெற்றியாளர் பட்டத்தைப் புரோட்டோன் காரில் வென்றவர் நம் கரம்ஜித் சிங். ரேலியிலும் கார் சறுக்குகிறது. அங்கே அது நேரத்தை மிச்சப்படுத்தும் வழி. டிரிஃப்ட்டில் சறுக்கலே நோக்கம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: டயரின் பிடி எங்கே முடிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டயரின் பிடி மாதச் சம்பளம் போன்றது

ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் ஒரு டன் எடையுள்ள கார் ஓடுகிறது.

இந்தப் பிடியை மாதச் சம்பளமாக நினைத்துக் கொள்ளுங்கள். வீட்டு வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் அந்த ஒரே சம்பளத்தில்தான். டயருக்கும் மூன்று செலவுகள் உண்டு: வேகத்தைக் கூட்டுவது, பிரேக் போடுவது, திரும்புவது. திரும்புவதிலேயே முழுப் பிடியையும் செலவழித்து விட்டால், பிரேக்குக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் டயர் கடனாளி ஆகி விடுகிறது. கார் சறுக்குகிறது.

மழை பெய்தால் சம்பளமே குறைந்து விடும். அதுவும் பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். ஒரு கணக்குப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. காய்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை அழுத்திய பிறகு நிற்பதற்கு ஏறக்குறைய 30 மீட்டர் தேவை. பிடி பாதியாகக் குறைந்தால் அது 60 மீட்டர். நாம் ஆபத்தைப் பார்த்துக் காலை எடுத்து வைக்கும் ஒரு விநாடியின் 22 மீட்டரையும் இதோடு சேர்த்துக் கொள்ளுங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை மழையில் முன்னால் போகும் காருக்கும் நமக்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்கிறதா?

ஏன் பின்சக்கரக் கார்?

1985-இல் வந்த புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த கன்சில், 2005-இல் வந்த மைவி எல்லாம் முன்சக்கரங்களால் இயங்குபவை. முன் டயர்களே காரை இழுக்க வேண்டும், அவையே திருப்பவும் வேண்டும். வேகம் மிஞ்சினால் முன்பக்கம் பிடி இழக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போகும்.

நம் அப்பா, தாத்தா காலத்து டட்சன் 120ஒய் அப்படியல்ல. அதில் என்ஜின் சக்தி பின்சக்கரத்துக்குப் போகும். செஃபிரோ ஏ31, கேஇ70, பழைய பிஎம்டபிள்யூ போன்றவையும் அதே வகை. முன் டயர் திருப்பும் வேலையை மட்டும் பார்க்கிறது. பின் டயர் தள்ளுகிறது. வளைவில் ஆக்சிலேட்டரைச் சற்று அதிகமாக அழுத்தினால் பின் டயரின் பிடி தீர்ந்து, பின்பக்கம் வெளியே போகிறது. முன் டயரிடம் பிடி மிச்சம் இருப்பதால், காரை ஓட்டுநர் தொடர்ந்து வழிநடத்த முடிகிறது. இதனால்தான் டிரிஃப்ட் பழகுகிறவர்கள் பழைய பின்சக்கரக் கார்களைத் தேடி அலைகிறார்கள்.

படிப்படியாகப் பழகுவது எப்படி?

பலர் நினைப்பது போல் முதல் பாடம் வேகம் அல்ல. மூடிய, விசாலமான, நீர் தெளித்த தளத்தில், 30, 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் பாடம் தொடங்குகிறது. தளம் ஈரமாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே கார் சறுக்கும், டயரும் தேயாது, தவறினாலும் கார் சுற்றி நின்று விடும்.

முதலில் உட்காரும் முறை. தோள் இருக்கையில் பதிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். இடைவார், தலைக்கவசம் கட்டாயம். காருக்குள் தண்ணீர் போத்தல் கூட உருளக் கூடாது. அது பிரேக்குக்கு அடியில் போய் மாட்டிக் கொள்ளும்.

அடுத்து வட்டம். நடுவில் ஒரு கூம்பை வைத்து அதைச் சுற்றி மெதுவாக ஓட்டி, ஆக்சிலேட்டரை அழுத்திப் பின்பக்கத்தைச் சறுக்க விடுவார்கள். பின்பக்கம் வெளியே போன உடனே ஸ்டீரிங்கைச் சறுக்கும் பக்கமாகத் திருப்ப வேண்டும். கார் இடப்பக்கம் திரும்பும்போது பின்பக்கம் வலப்பக்கமாகப் போனால், ஸ்டீரிங்கும் வலப்பக்கம். இதை 'கவுண்டர் ஸ்டீர்' என்பார்கள். இங்கே கையை விடக் கண் முக்கியம். எங்கே போக வேண்டுமோ அங்கே பார்த்தால், கை தானாக அந்தப் பக்கம் போகும். மோதக் கூடாத தூணையே பார்த்துக் கொண்டிருந்தால், காரும் தூணை நோக்கியே போகும்.

வட்டம் கைவந்த பிறகு ஆக்சிலேட்டரின் பாடம். கூட்டினால் கோணம் விரியும், குறைத்தால் சுருங்கும். பயந்து காலை முழுவதுமாக எடுத்து விட்டால் பின் டயர் திடீரென்று பிடித்துக் கொள்ளும்; கார் ஊசல் போல மறுபக்கம் வீசும். பழகுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பிறகு எட்டுப் போடுவது. ஒரு பக்கச் சறுக்கலிலிருந்து மறுபக்கச் சறுக்கலுக்கு மாறும்போது காரின் எடை இடம் மாறுவதை உடம்பே உணரத் தொடங்கும். ஹேண்ட்பிரேக்கை இழுத்துச் சறுக்கலைத் தொடங்குவது, கிளட்ச்சை உதைப்பது போன்ற வித்தைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எங்கே பழகுவது?

ஒரு காலத்தில் கிள்ளானுக்குப் பக்கத்திலேயே பந்தயத் தடம் இருந்தது. 1968-இல் திறக்கப்பட்ட பத்து தீகா தடம் பிறகு ஷா ஆலம் தடம் என்று பெயர் பெற்றது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயமும் அங்கே நடந்தது. இன்று அந்த இடத்தில் வீடுகள் நிற்கின்றன. 1999-இல் சிப்பாங் அனைத்துலகத் தடம் திறக்கப்பட்டது. உலகத் தரம் வாய்ந்த தடம்தான். ஆனால், கிள்ளான் இளைஞனுக்கு அது தூரம். கட்டணம், டயர்ச் செலவு எல்லாம் சேர்ந்தால் பை காலியாகும். துறைமுகத்துக்குப் போகும் தொழிற்பேட்டைச் சாலையோ இரவில் வெறிச்சோடிக் கிடக்கிறது, காசும் கேட்பதில்லை. பிரச்சினை தொடங்குவது இங்கேதான்.

அந்தச் சாலை காலியாகத் தெரியும். இரவு ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளி ஒருவர் அடுத்த வளைவில் வந்து கொண்டிருப்பார். பக்கவாட்டில் வரும் கார் முழுச் சாலையையும் அடைத்துக் கொண்டு வரும். ஒதுங்க அவருக்கு இடமே இருக்காது.

சட்டமும் கடுமையானது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, 2020-இல் திருத்தப்பட்ட பிறகு, அபாயகரமாக ஓட்டுவோருக்கு 5 ஆண்டு வரை சிறையும் 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்க வகை செய்கிறது. உயிரிழப்பு ஏற்பட்டால் 41-ஆம் பிரிவின் கீழ்ச் சிறைத் தண்டனை 5 ஆண்டில் தொடங்கி 10 ஆண்டு வரை போகும். வழக்கமான வாகனக் காப்புறுதியும் பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது. பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

கேள்வியும் பதிலும்

டிரிஃப்ட் பழகினால் நல்ல ஓட்டுநர் ஆகி விடலாமா?

ஆகலாம், ஆகாமலும் போகலாம். நார்வே நாட்டில் வழுக்கும் தளத்தில் ஓட்டும் பயிற்சியைப் புது ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். 1980-களில் ஆய்வு செய்தபோது, இளம் ஆண்களின் விபத்து குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. "எனக்குத்தான் தெரியுமே" என்ற துணிச்சலில் அவர்கள் வேகமாக ஓட்டியதே காரணம் என்று கருதப்பட்டது. ஆகவே, பயிற்சியில் கார் எவ்வளவு எளிதாகக் கைமீறுகிறது என்பதைக் கற்றுக் கொண்டவன் சாலையில் நிதானமாகிறான். அதை அடக்கும் வித்தையை மட்டும் கற்றவன் துணிந்து விடுகிறான்.

மழையில் என் சாதாரணக் கார் சறுக்கினால் என்ன செய்வது?

ஸ்டீரிங்கைத் திருப்பியும் கார் நேராகப் போனால், ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து, ஸ்டீரிங்கை இன்னும் ஒடிக்காமல் சற்றுத் தளர்த்துங்கள். டயர் மீண்டும் பிடிக்கும். பின்பக்கம் வீசினால், போக வேண்டிய திசையைப் பார்த்து அந்தப் பக்கமே திருப்புங்கள். கார் நேராக வந்ததும் ஸ்டீரிங்கையும் உடனே நேராக்குங்கள். தேங்கிய நீரில் கார் மிதப்பது போல் தோன்றினால், ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து வேகம் தானாகக் குறைய விடுங்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய் விட்டால், எந்த வித்தையும் உதவாது. டயரை மாற்றத்தான் வேண்டும்.

மகன் கேட்கவே மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

சாவியைப் பிடுங்கினால் நண்பனின் காரில் போவான். அதற்குப் பதில், மூடிய தடத்தில் பயிற்சி நடக்கும் ஒரு நாளில் நீங்களும் அவனோடு போய்ப் பாருங்கள். தலைக்கவசம் இல்லாதவரை அங்கே உள்ளே விடுகிறார்களா என்று கவனியுங்கள். முதல் நாள் செலவில் பாதியை நான் தருகிறேன், சாலையில் மட்டும் செய்யாதே என்று பேசி முடியுங்கள். தடத்தில் பத்து முறை காரைச் சுற்ற விட்டு நின்ற பிள்ளைக்கு, துறைமுகச் சாலையில் அந்தப் பத்தில் ஒன்று நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நாம் விளக்கத் தேவையிருக்காது.