தேசிய காற்பந்து அணிகளின் வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள்

தேசிய காற்பந்து அணியின் வெளிநாட்டுப் பயிற்சியாளர் என்பவர், தம் நாடல்லாத வேறொரு நாட்டின் காற்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் பணியாற்றுபவர் ஆவார். ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் இவ்வழக்கம் பல பத்தாண்டுகளாக உள்ளது. இங்கிலாந்து, பிரேசில் போன்ற நீண்ட காற்பந்து மரபுடைய நாடுகளும் 21ஆம் நூற்றாண்டில் இதனை மேற்கொண்டுள்ளன. இப்பயிற்சியாளர்கள் பெரும்பாலும் வெளியாள் என்பதாலேயே பணியமர்த்தப்படுகின்றனர். அணி தோல்வியுறும்போது, வெளியாள் என்பதே இவர்கள் மீதான முதற் குற்றச்சாட்டாகவும் அமைகிறது. இம்முரண்பாடே இவர்கள் எதிர்கொள்ளும் அழுத்தத்தின் அடிப்படை எனலாம்.

விதிமுறைகள்

பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பின் (ஃபிஃபா) விதிகளின்படி, ஒரு நாட்டுக்காக விளையாடும் வீரர் அந்நாட்டின் குடியுரிமை பெற்றிருத்தல் வேண்டும். பயிற்சியாளருக்கு இத்தகைய கட்டுப்பாடு எதுவும் இல்லை. எனவே களத்தில் இறங்கும் 11 பேரும் உள்நாட்டவராக இருக்க, அவர்களைத் தேர்ந்தெடுப்பவர் மட்டும் அயல்நாட்டவராக இருக்க இயலும்.

தேசிய அணியின் பணி, கழக அணியின் பணியிலிருந்து வேறுபட்டது. கழகப் பயிற்சியாளர் தமக்குத் தேவையான வீரரை விலைக்கு வாங்கலாம். ஒரு வாரம் தோற்றால் அடுத்த வாரமே அதனை ஈடுசெய்யலாம். தேசிய அணியின் பயிற்சியாளருக்கு இவ்விரண்டும் வாய்ப்பதில்லை. வீரர்கள் ஆண்டில் சில முறை, சில நாட்களுக்கு மட்டுமே அவரிடம் வந்து சேர்கின்றனர். ஒரு தோல்விக்கும் அடுத்த ஆட்டத்திற்கும் இடையே சில நேரங்களில் மாதக்கணக்கான இடைவெளி ஏற்படுகிறது. அக்காலம் முழுவதும் அத்தோல்வியே செய்தித்தாள்களில் விவாதிக்கப்படுகிறது.

பணியமர்த்தப்படுவதற்கான காரணங்கள்

வெளிநாட்டவரை அமர்த்துவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, தொழில்நுட்ப அறிவு. உடற்தகுதிப் பயிற்சி, ஆட்ட உத்தி ஆகியவற்றில் முன்னேறிய நாட்டிலிருந்து வருபவர் அவ்வறிவைக் கொண்டுவருவார் என எதிர்பார்க்கப்படுகிறது.

இரண்டாவது, நடுநிலை. உள்நாட்டுப் பயிற்சியாளருக்குத் தாம் படித்த கல்லூரி, விளையாடிய கழகம், பழகிய மூத்த வீரர்கள் எனப் பல பிணைப்புகள் இருக்கும். அயல்நாட்டவருக்கு இவை இல்லாததால் வீரர் தேர்வில் சலுகை காட்டமாட்டார் எனக் கருதப்படுகிறது.

மூன்றாவது, பெரிய போட்டித் தொடருக்கு முன் விரைவாகப் பலன் பெறும் நோக்கம்.

இவற்றுள் இரண்டாவது காரணம் இருமுனைக் கத்தி போன்றது. உள்ளூர்ப் பிணைப்புகள் இல்லாதவருக்கு, நெருக்கடியில் ஆதரவாகப் பேசவும் உள்ளூரில் எவரும் இருப்பதில்லை.

தென்கொரியா

வெளிநாட்டுப் பயிற்சியாளர் மீதான அழுத்தத்தையும் அதன் மாறும் தன்மையையும் விளக்குவதற்குத் தென்கொரியா சிறந்த எடுத்துக்காட்டாகும்.

1998ஆம் ஆண்டு உலகக்கோப்பையில் தென்கொரியா நெதர்லாந்திடம் 5–0 எனத் தோற்றது. அப்போது கொரியரான சா பும்-குன், தொடர் முடிவதற்கு முன்பே பயிற்சியாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அப்போட்டியில் நெதர்லாந்தின் பயிற்சியாளராக இருந்தவர் குஸ் ஹிடிங்க். சொந்த மண்ணில் நடைபெறவிருந்த 2002 உலகக்கோப்பைக்கு அணியை ஆயத்தம் செய்ய, அதே ஹிடிங்கையே தென்கொரியா அழைத்தது. அதுவரை ஐந்து உலகக்கோப்பைகளில் 14 ஆட்டங்கள் ஆடியிருந்த தென்கொரியா, அவற்றில் ஒன்றில்கூட வென்றதில்லை.

2001 ஜனவரியில் ஹிடிங்க் பொறுப்பேற்றார். அவ்வாண்டு மே மாதம் கூட்டமைப்புகள் கோப்பையில் பிரான்சிடமும், ஆகஸ்ட் மாதம் செக் குடியரசிடமும் அவரது அணி 5–0 என்ற அதே கணக்கில் தோற்றது. கொரியச் செய்தித்தாள்கள் அவருக்கு 'ஐந்துக்குப் பூச்சியம்' எனப் பொருள்படும் பட்டப்பெயரைச் சூட்டின. அவர் விடுமுறையில் சென்றதும், அவரது சொந்த வாழ்க்கையும்கூடக் கண்டனத்திற்கு உள்ளாயின. 2002இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த தங்கக் கோப்பையில் அணி நான்காம் இடமே பெற்றது. அப்போது அவரை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது.

ஹிடிங்க் தம் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. வலிமையான அணிகளுடன் மோதித் தோற்பதையும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே அவர் கருதினார். உடல் வலுவைப் பெருக்கும் பயிற்சிக்கு முதன்மை அளித்தார். கொரிய மொழியில் வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தமிழில் 'அண்ணா' என்பது போன்ற சொல்லைச் சேர்த்தே அழைப்பர். களத்தில் இம்மரியாதை, இளைய வீரர் மூத்தவருக்குக் கட்டளையிடத் தயங்கும் நிலையை ஏற்படுத்தியது. களத்தில் அனைவரும் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும் என்றும், உணவு மேசையில் மூத்தோரும் இளையோரும் கலந்து அமர வேண்டும் என்றும் ஹிடிங்க் பணித்தார். அனுபவம் மிக்க ஹாங் மியுங்-போவையும் சில காலம் அணியிலிருந்து விலக்கி வைத்து, பின்னரே சேர்த்துத் தலைவராக்கினார். உள்நாட்டுப் பயிற்சியாளர் ஒருவருக்கு இவை எளிதாக இருந்திருக்கமாட்டா.

2002 உலகக்கோப்பையில் தென்கொரியா போலந்தை 2–0 என வென்று தனது முதல் உலகக்கோப்பை வெற்றியைப் பெற்றது. பின்னர் அமெரிக்காவுடன் 1–1 என சமன் செய்தது. போர்த்துக்கல்லை 1–0 எனவும், இத்தாலியைக் கூடுதல் நேரத்தில் 2–1 எனவும், ஸ்பெயினைப் பெனால்டி உதைகளிலும் வென்றது. இத்தாலி, ஸ்பெயின் ஆகிய அணிகள் நடுவர்களின் தீர்ப்புகளைக் கடுமையாகக் குறைகூறின. அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோற்ற தென்கொரியா நான்காம் இடத்தைப் பெற்றது. ஹிடிங்கிற்குத் தென்கொரியாவின் கௌரவக் குடியுரிமை வழங்கப்பட்டது. குவாங்ஜூ நகரின் உலகக்கோப்பை அரங்கிற்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 2001இல் 'பிடிவாதம்' எனப்பட்ட அதே குணம், 2002இல் 'உறுதி' எனப் போற்றப்பட்டது.

இவ்வெற்றி பின்வந்தவர்களுக்குச் சுமையாகவும் அமைந்தது. 2023இல் பொறுப்பேற்ற ஜெர்மானியரான யூர்கன் கிளின்ஸ்மன், கொரியாவில் தங்காமல் பெரும்பகுதி அமெரிக்காவிலேயே வசிக்கிறார் எனக் கண்டிக்கப்பட்டார். 2024 பிப்ரவரியில் ஆசியக் கோப்பை அரையிறுதியில் ஜோர்தானிடம் 2–0 எனத் தோற்ற பின்னும் அவர் புன்னகைத்தது மக்களின் சினத்தைத் தூண்டியது. பத்து நாட்களில் அவர் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் 2024 ஜூலையில் அமர்த்தப்பட்டவர் 2002 அணியின் தலைவரான ஹாங் மியுங்-போ. எனினும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட முறை குறித்து நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. செப்டம்பரில் சியோல் அரங்கில் சொந்த ரசிகர்களே அவருக்கு எதிராகக் கூச்சலிட்டனர். உள்நாட்டவர் என்பது மட்டும் பாதுகாப்பு அளிப்பதில்லை என்பதை இது காட்டுகிறது.

இங்கிலாந்து

இங்கிலாந்து அணியின் முதல் வெளிநாட்டுப் பயிற்சியாளர் சுவீடனைச் சேர்ந்த ஸ்வென்-யோரான் எரிக்சன் ஆவார். 2000 அக்டோபரில் அவரது நியமனம் அறிவிக்கப்பட்டபோது, ஆங்கிலேயப் பயிற்சியாளர் சங்கத்தினரும் வீரர் சங்கத்தினரும் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். 2001 செப்டம்பரில் மியூனிக் நகரில் ஜெர்மனியை 5–1 என வென்றபின் இவ்வெதிர்ப்பு அடங்கியது. 2002, 2006 உலகக்கோப்பைகளிலும் 2004 ஐரோப்பியக் கோப்பையிலும் அணி காலிறுதியுடன் வெளியேறியது. இதற்கிடையே எரிக்சனின் சொந்த வாழ்க்கை நாளேடுகளின் முதற்பக்கச் செய்தியானது. 2006இன் தொடக்கத்தில், செல்வந்தராக வேடமிட்ட செய்தியாளர் ஒருவரிடம் அவர் பேசியவை வெளியிடப்பட்டன. அதன்பின், அவ்வாண்டு உலகக்கோப்பையுடன் அவர் விலகுவார் என அறிவிக்கப்பட்டது.

அடுத்து வந்த ஆங்கிலேயரான ஸ்டீவ் மெக்லாரனின் கீழ் அணி 2008 ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெறவே தவறியது. பின்னர் இத்தாலியரான ஃபேபியோ கப்பெல்லோ அமர்த்தப்பட்டார். தகுதிச் சுற்றில் வென்றபோது அவரது கண்டிப்பு பாராட்டப்பட்டது. 2010 உலகக்கோப்பையில் ஜெர்மனியிடம் 4–1 எனத் தோற்றபின், அதே கண்டிப்பும் அவரது குறைவான ஆங்கிலப் பேச்சும் குறைகளாகச் சுட்டப்பட்டன. அணித்தலைவர் பதவியிலிருந்து ஜான் டெர்ரியைக் காற்பந்துச் சங்கம் நீக்கியதை ஏற்க மறுத்து, 2012 பிப்ரவரியில் கப்பெல்லோ பதவி விலகினார்.

மூன்றாமவர் ஜெர்மானியரான தாமஸ் டூக்கெல். இவர் 2025 ஜனவரியில் பணியைத் தொடங்கினார். இங்கிலாந்தின் நாட்டுப்பண்ணை இவர் பாடுவாரா என்பது முதற்கேள்விகளுள் ஒன்றாக இருந்தது. அவ்வுரிமையை முதலில் ஈட்ட வேண்டும் எனக் கூறி, தொடக்க ஆட்டங்களில் அவர் பாடவில்லை. 2026 உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றின் 8 ஆட்டங்களிலும் எதிரணிக்கு ஒரு கோலும் கொடுக்காமல் அவரது அணி வென்றது.

உலகக்கோப்பைக்கு முன் நீக்கப்படுதல்

பொசுனியாவில் பிறந்த வாஹித் ஹலில்ஹோஜிச்சின் அனுபவம் தனித்தன்மை வாய்ந்தது. நான்கு வெவ்வேறு நாடுகள் உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றபோது அவற்றின் பயிற்சியாளராக இருந்த இவர், அவற்றுள் மூன்றினால் உலகக்கோப்பை தொடங்குமுன் நீக்கப்பட்டார்.

2010: ஐவரி கோஸ்ட் அணி ஆப்பிரிக்கக் கோப்பைக் காலிறுதியில் தோற்றபின் நீக்கப்பட்டார். அவரிடத்தில் எரிக்சன் அமர்த்தப்பட்டார். அணி உலகக்கோப்பையின் முதற் சுற்றிலேயே வெளியேறியது.

2014: அல்ஜீரியாவில் மட்டும் பதவியில் நீடித்தார். அணி முதன்முறையாக இரண்டாம் சுற்றுக்கு முன்னேறி, ஜெர்மனியிடம் கூடுதல் நேரத்தில் 2–1 எனத் தோற்றது.

2018: உலகக்கோப்பைக்கு இரண்டு மாதங்களுக்கு முன் ஜப்பானால் நீக்கப்பட்டார். வீரர்களுடனான தொடர்பும் நம்பிக்கையும் குறைந்ததே காரணம் எனக் கூறப்பட்டது. அவர் டோக்கியோ நீதிமன்றத்தில் அடையாளமாக ஒரு யென் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார். ஜப்பானியரான அக்கிரா நிஷினோவின் கீழ் அணி இரண்டாம் சுற்றை எட்டியது.

2022: ஹக்கீம் சியெச் முதலிய வீரர்களை விலக்கியதால் எழுந்த பூசலுக்குப் பின் ஆகஸ்டில் மொரோக்கோவால் நீக்கப்பட்டார். வலீத் ரெக்ராகியின் கீழ் மொரோக்கோ, அரையிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க நாடானது.

இந்நான்கு நிகழ்வுகளிலிருந்து, நீக்கம் சரியா தவறா என்பதற்குப் பொதுவிதி எதுவும் கிடைப்பதில்லை. இரு அணிகள் மாற்றத்திற்குப் பின் முன்னேறின. ஓர் அணி முன்னேறவில்லை.

தொடரின் நடுவே நீக்கப்படுவதும் உண்டு. 1998 உலகக்கோப்பையில் சா பும்-குன்னுடன், சவூதி அரேபியாவின் பிரேசிலியப் பயிற்சியாளர் கார்லோஸ் அல்பெர்ட்டோ பரெய்ராவும், துனிசியாவின் போலந்தில் பிறந்த பயிற்சியாளர் ஹென்ரிக் காஸ்பர்சாக்கும் நீக்கப்பட்டனர். பரெய்ரா நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் பிரேசிலுக்கு உலகக்கோப்பையை வென்று தந்திருந்தார்.

இந்தியா

1951, 1962 ஆகிய ஆண்டுகளில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா தங்கம் வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம். 21ஆம் நூற்றாண்டில் இந்திய அணி பெரும்பாலும் வெளிநாட்டவரிடமே ஒப்படைக்கப்பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் பகுரைனிடம் தோற்ற உடனேயே பதவி விலகினார். குரோவாசியரான இகோர் ஸ்டிமாச், உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்தை அடையத் தவறியதால் 2024 ஜூனில் நீக்கப்பட்டார். எஞ்சிய ஒப்பந்தக் காலத்திற்கான இழப்பீடு குறித்து அவருக்கும் அகில இந்தியக் காற்பந்துக் கூட்டமைப்புக்கும் பிணக்கு எழுந்தது. ஸ்பெயினைச் சேர்ந்த மனோலோ மார்க்கெஸ் ஓராண்டில் விலகினார். 2025 ஆகஸ்டில் இந்தியரான காலித் ஜமீல் அமர்த்தப்பட்டார். எனினும் அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரிடம் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை இந்தியா இழந்தது.

வெற்றிப் பதிவுகள்

1930 முதல் 2022 வரை நடந்த 22 ஆடவர் உலகக்கோப்பைகளையும் உள்நாட்டுப் பயிற்சியாளர்களின் அணிகளே வென்றுள்ளன. இக்காலத்தில் வெளிநாட்டுப் பயிற்சியாளரின் கீழ் இறுதிப் போட்டியை எட்டியவை இரு அணிகளே. அவை 1958இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் ரெய்னரின் சுவீடனும், 1978இல் ஆஸ்திரியரான எர்ன்ஸ்ட் ஹாப்பலின் நெதர்லாந்தும் ஆகும். வெளிநாட்டவரை அமர்த்துவோருக்கு எதிராக இப்பதிவு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் கோப்பையை வென்ற எட்டு நாடுகளும் வெளிநாட்டவரை மிக அரிதாகவே அமர்த்தியவை. ஆகவே இப்பதிவு பயிற்சியாளரின் திறனைவிட, அவருக்கு வாய்க்கும் அணியின் வலிமையையே அதிகம் காட்டுகிறது.

கண்ட அளவிலான போட்டிகளில் நிலைமை வேறு. 2004 ஐரோப்பியக் கோப்பையை ஜெர்மானியரான ஓட்டோ ரெஹாகலின் கிரேக்க அணி வென்றது. அது தோற்கடித்த போர்த்துக்கல் அணியின் பயிற்சியாளரும் வெளிநாட்டவரே. அவர் பிரேசிலைச் சேர்ந்த லூயிஸ் ஃபெலிப்பே ஸ்கொலாரி. மகளிர் காற்பந்தில், நெதர்லாந்தைச் சேர்ந்த சரீனா வீக்மன் 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்துக்கு ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

வெளிநாட்டில் பிறந்த உள்நாட்டவர்

யார் வெளிநாட்டவர் என்பதும் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. மொரோக்கோவின் ரெக்ராகி பிரான்சில் பிறந்தவர். இந்தியாவின் காலித் ஜமீல் குவைத்தில் பிறந்தவர். 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையின் நடுவே, ஐவரி கோஸ்ட் தன் பிரெஞ்சுப் பயிற்சியாளர் ஜான்-லூயி காசேயை விலக்கியது. மற்றொரு பிரெஞ்சுக்காரரான எர்வே ரெனாரைத் தற்காலிகமாகப் பெற முயன்று இயலாமற்போகவே, துணைப் பயிற்சியாளர் எமெர்ஸ் ஃபாயேயிடம் பொறுப்பை அளித்தது. ஃபாயேயும் பிரான்சில் பிறந்தவரே; ஆனால் ஐவரி கோஸ்டுக்காக விளையாடியவர். அவ்வணி பிப்ரவரியில் கோப்பையை வென்றது.

இதற்கு மாறாக, 2024இல் இங்கிலாந்தின் தற்காலிகப் பயிற்சியாளராக இருந்த லீ கார்ஸ்லி பர்மிங்காமில் பிறந்தவர், விளையாடியது அயர்லாந்துக்காக. தாம் வீரராக இருந்தபோதும் நாட்டுப்பண் பாடியதில்லை என அவர் விளக்கியும், இங்கிலாந்தின் நாட்டுப்பண்ணைப் பாடாததற்காகச் சில நாளேடுகள் அவரைக் கண்டித்தன. அடுத்த ஆண்டு ஜெர்மானியரான டூக்கெலிடம் கேட்கப்பட்ட கேள்வியும் அதுவே.