விரியன் விஷமும் டயாலிசிஸ் சவ்வும்

டயாலிசிஸ் நான்கு மணி நேரம் ஓடும். நர்ஸ் கட்டிலை விட்டு நகராமல் நிற்பது முதல் சில நிமிடங்களில்தான். ஃபில்டருக்குள் போன ரத்தம் உடம்புக்குத் திரும்பியதும் அபூர்வமாகச் சிலருக்கு உடல் முழுக்க எரியும், அரிக்கும், மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் சரியும். உடனே பம்ப்பை நிறுத்தி, குழாய்களில் கிளாம்ப் போட்டு, வெளியே வந்த ரத்தத்தை வீணாக்கிவிட வேண்டும். ரத்தசோகைக்காரரின் ரத்தம்தான், மனசு கேட்காது. ஆனால் திருப்பி ஏற்றினால் வினையை மறுபடி உள்ளே அனுப்பியதாகிவிடும்.

ஃபில்டர் என்பது ஒரு முழ நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் உருளை. உள்ளே முடி போன்ற பல ஆயிரம் நுண்குழல்கள். அவற்றின் சுவர்களை விரித்தால் ஒன்றரை சதுர மீட்டர் அளவுக்கு வரும். அவ்வளவு பெரிய அந்நியப் பரப்பை ரத்தம் ஒரே நேரத்தில் தொடுகிறது.

நம் ஊரில் அதே நோயாளிக்கு ஃபில்டரைக் கழுவி மறுபடி பயன்படுத்துவது சகஜம். பழசுதான் ஆபத்து என்று தோன்றும். ஆனால் இந்த ஒவ்வாமை விஷயத்தில் பேர் கெட்டது புது ஃபில்டருக்குத்தான்.

ஒரு காரணம், கிருமி நீக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு வாயு. நுண்குழல்களின் இரு முனைகளையும் பிடித்து நிறுத்தும் பாலியூரித்தேன் பசையில் அது ஊறித் தங்கிவிடும். ரத்தத்தில் கசிந்து ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால், சிலரது உடல் அதை எதிரியாகக் குறித்துவைத்துக்கொள்ளும். இது அசல் அலர்ஜி. நீராவியாலோ காமா கதிராலோ சுத்தம் செய்த ஃபில்டருக்கு மாறினால் இந்த வம்பு இல்லை.

இன்னொரு காரணம் அந்த நுண்குழல்களின் சுவரான சவ்வேதான். டயாலிசிஸ் தொடங்கிய சற்று நேரத்தில் வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து காணாமல் போவதை 1968-இல் கவனித்தார்கள். எங்கே போயின என்பது 1977-இல் தெளிவாயிற்று. அன்றைய செல்லுலோஸ் சவ்வு, கிருமிகளை எதிர்க்கும் 'காம்ப்ளிமென்ட்' புரதங்களைக் கிளப்பிவிடுகிறது. உசுப்பப்பட்ட வெள்ளணுக்கள் நுரையீரலின் நுண்நாளங்களில் போய் ஒண்டிக்கொள்கின்றன. கொஞ்ச நேரத்தில் திரும்பியும் வந்துவிடுகின்றன. ஒருமுறை ஓடிய சவ்வின் மேல் நோயாளியின் சொந்தப் புரதமே படலமாகப் படிந்துவிடுவதால், அடுத்த முறை உடல் அவ்வளவு பதறுவதில்லை. பிளீச் போட்டுக் கழுவினால் அந்தப் படலமும் போய்விடும், பழைய கதை திரும்பும்.

என்னை அதிகம் அசத்தியது மூன்றாவது காரணம். 1990-இல் பெல்ஜிய மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஏஎன்69 என்ற சவ்வில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே கடும் எதிர்வினை வந்தது. அந்தச் சவ்வின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. அதைத் தொட்ட ரத்தத்தில் பிராடிகினின் என்ற பொருள் உருவாகும். அது நாளங்களைத் தளர்த்தும், அவற்றின் சுவரைக் கசிய வைக்கும். சாதாரணமாக ஒரு நொதி அதைச் சில நொடிகளில் சிதைத்துவிடும். அந்த நொதியைத்தான் இந்த மாத்திரை கட்டிப்போடுகிறது. ஒன்று சுரக்க வைக்கிறது, மற்றது வடிய விடாமல் தடுக்கிறது. அலர்ஜி போலவே தெரியும் இதில் அலர்ஜிக்குரிய எதிர்ப்பொருளே கிடையாது.

இதே ஏற்பாட்டை இயற்கை வெகு காலத்துக்கு முன்பே செய்துவைத்திருந்தது. பிரேசிலின் ஜராராகா குழிவிரியன் கடித்தால் ரத்த அழுத்தம் விழும். ரோச்சா இ சில்வா குழுவினர் 1949-இல் பிராடிகினினைக் கண்டறிந்ததே அதன் விஷத்தை வைத்துத்தான். பிராடிகினின் சிதையாமல் காக்கும் பொருளும் அதே விஷத்தில் இருப்பதைப் பிறகு செர்ஜியோ ஃபெரெய்ரா காட்டினார். அந்தத் தடத்தில் பிறந்ததுதான் கேப்டோப்ரில், இந்த மாத்திரைக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. பாம்பு ஒரே கடியில் செய்வதை, டயாலிசிஸ் கட்டிலில் சவ்வும் மாத்திரையும் பங்கு போட்டுச் செய்திருக்கின்றன!

தீர்வு எளிது. மாத்திரையை மாற்றலாம் அல்லது சவ்வை மாற்றலாம். பின்னாளில் அந்தச் சவ்வின் மேல் நேர்மின்னூட்டமுள்ள பாலிமரைப் பூசி, எதிர்மின்னூட்டத்தை ரத்தத்தின் கண்ணில் படாமல் மறைத்தார்கள்.